மாலைத் தேநீருடன் ஒரு துண்டு

மில்க்ரொபி என்ற பால் இனிப்புப் பிழைத்துப் போவதற்கு ஒரே காரணம்தான் உண்டு. செய்கிறவர்கள் அவசரப்பட்டு அடுப்பிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். பால் சுண்டி, தாச்சியின் ஓரத்தை விட்டுத் தானாகச் சுருண்டு வரும்வரை கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். கை நோகும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. என்னுடைய மில்க்ரொபி ஒரு நாளும் பிழைத்ததில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நேற்று நீங்கள் வாசித்துக் காட்டிய குற்றச்சாட்டில் 'பழுதான இனிப்பு' என்று ஓர் இடத்தில் வந்தது. மற்றவற்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் சிங்களத்தில் எழுதி நீட்டிய கடதாசியில் நான் கையொப்பமிட மறுத்ததைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குச் சிங்களம் பேச வரும். மீன்காரனுடன் சண்டை பிடிக்கும் அளவுக்கு வரும். ஆனால் இது ஒரு கல்யாணத்தைப் பற்றிய விஷயம். அதை நான் இத்தனை வருடமும் தமிழில்தான் நடத்தி வந்தேன். ஆகவே வெறுங் கடதாசி கேட்டேன். கான்ஸ்டபிள் பைறோஸா இதை உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லுவார். கெட்டிக்காரப் பிள்ளை. என் எழுத்து விளங்காத இடத்தில் மட்டும் என்னைக் கூப்பிடட்டும்.

என் பெயர் யோகேஸ்வரி. அரசாங்க மருத்துவமனையில் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் என் கணவர் நமசிவாயத்துடன் இருக்கிறேன். ஒரே மகள் மயூரி ரொறன்ரோவில். கணவர் அரசாங்கக் கணக்காய்வாளராக இருந்தவர். ஒரு கணக்காய்வாளர் ஓய்வு பெறும்போது பிழை பிடிப்பதற்கு அவருக்கு அலுவலகம் இல்லாமல் போகிறதே தவிர, பழக்கம் போய்விடுவதில்லை. மிச்சமிருந்த ஒரே அலுவலகம் எங்கள் வீடு. மிச்சமிருந்த ஒரே ஊழியர் நான்.

"இஞ்ச, இந்தச் சம்பலுக்கு ஆர் உப்புப் போட்டது?" என்று காலையில் கேட்பார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அவர் போடவில்லை. ஆனாலும் கேட்பார், விசாரணை என்றால் முறையாக நடக்க வேண்டும் அல்லவா. பிறகு பத்திரிகையின் மடிப்பு. பிறகு குளியலறை வாளியின் கைபிடி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது. கெட்ட மனிதர் என்று எழுதிவிடாதீர்கள். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. 'இஞ்ச' என்பார். கல்யாணம் முடித்த புதிதில் அதை வெட்கம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். போகப் போக அதுவே என் பெயராகிவிட்டது.

போன வருடம் தைப்பொங்கல் கழிய அவருக்கு அக்கி போட்டது. கொப்புளங்கள் காய்ந்து விழுந்துவிட்டன. ஆனால் விலாப் பக்கத்து நரம்பில் வலி தங்கிவிட்டது. சேர்ட் பட்டால் நெருப்புப் பட்டது போல் இருக்குமாம். உப்புக்கு அவ்வளவு சத்தம் போட்ட மனிதர் இதற்குச் சத்தம் போடவில்லை. பின்னேரங்களில் பல்கனிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எங்கள் வீட்டுக்குக் கீழே ரயில் பாதை. ரயில் போகும் சத்தத்துக்குள் முனகுவார். ரயில் போனதும் நிறுத்திவிடுவார். இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. அதற்குப் பிறகு ரயில் வரும்போதெல்லாம் எனக்கும் விலாவில் ஏதோ செய்யத் தொடங்கியது.

டொக்டர்கள் கொடுத்த மாத்திரைகள் அவரை ஒன்றில் தள்ளாட வைத்தன, அல்லது ஒன்றுமே செய்யவில்லை. எல்லா மருந்தும் எல்லாருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. இது யாருடைய குற்றமும் அல்ல.

இங்கேதான் கொட்டாஞ்சேனையிலிருந்து என் பள்ளித் தோழி வருகிறாள். அவளுடைய பெயரை இந்த வாக்குமூலத்தில் நான் சேர்க்க மாட்டேன். மெற்றில்டா என் ஐம்பது வருடச் சிநேகிதி, அவளுக்கு ஒரு தொந்தரவும் வரக்கூடாது. அவளுடைய கணவருக்குக் குடலில் புற்றுநோய். கடைசி மாதங்களில் ஒரு கரண்டி கஞ்சி உள்ளே நிற்காது. யாரோ சொல்லி, பின்வளவில் அந்தூரியம் சாடிகளுக்கு நடுவே ஒரு செடி வளர்த்தாள். அதற்குப் பிறகு அந்த மனிதர் இடியப்பமும் சொதியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, பிள்ளைகளோடு கதைத்துச் சிரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்களிடம் 'என்ன பிரசங்கம்' என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடினார். நான் அந்தச் செத்த வீட்டுக்குப் போயிருந்தேன். பசியாறிச் செத்த முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"உன் மனுஷன் இப்படித் துடிக்கிறார், நீ பார்த்துக்கிட்டு இருக்கிற. மருந்துக் கடைக்காரியா நீ?" என்று மெற்றில்டா கேட்டாள்.

"மருந்துக் கடைக்காரி எண்டபடியாத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்றேன்.

"அப்போ படிச்சதுல என்ன பிரயோசனம்?"

ஐயா, நான் வேலை செய்த மருந்தகத்தில் இரண்டு பூட்டுப் போட்ட அலுமாரி ஒன்று இருந்தது. உள்ளே மோர்பின். அதுவும் ஒரு செடியின் பால்தான். ஆளைக் கொல்லும், அடிமையாக்கும். ஆனாலும் டொக்டர் எழுதினால் நான் எடுத்துக் கொடுப்பேன். அதனால் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். நஞ்சுக்கும் மருந்துக்கும் நடுவே நம் நாட்டில் இருக்கும் வித்தியாசம் அந்த அலுமாரிதான். ஆயுர்வேத வைத்தியர்களுக்குக் கஞ்சா இலையை அளந்து கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதற்கு வளர்க்கலாம் என்றும் பேசுகிறார்கள், பத்திரிகையில் வாசித்தேன். வெளிநாட்டுக்காரருடைய விலா நோகலாம், நமசிவாயத்தாருடைய விலா நோகக்கூடாது என்பது போல இருக்கிறது.

சட்டமாக்கினால் என்ன நடக்கும்? டொக்டர் பார்ப்பார். அளவு எழுதுவார். மருந்தாளர் பொட்டலத்தின் மேல் நோயாளியின் பெயரையும், எத்தனை வேளை என்பதையும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் எழுதி ஒட்டுவார். நோயாளி வாசித்துப் பார்த்து விழுங்குவார். வேறென்ன கெட்டுவிடப் போகிறது? மெற்றில்டா களவாகச் செடி வளர்த்திருக்க வேண்டியதில்லை. நானும் இன்றைக்கு இந்தப் பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

கணவரிடம் நான் கேட்கவில்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அது பிழை. ஒரு தடவை கேட்டேன். பின்னேரத் தேநீர் கொடுத்துக்கொண்டு, மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"உமக்கென்ன விசரே? நான் அரசாங்க உத்தியோகத்தன். என்ர வாயில அது படாது" என்றார்.

அவர் வேண்டாம் என்று சொன்னார். ஆகவே நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

மில்க்ரொபிக்குள் அதை எப்படிச் சேர்த்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இந்தக் கடதாசி யார் யார் கையில் போகுமோ தெரியாது, மருந்தாளருக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. அளவு மிகவும் சிறியது. முதலில் நான் சாப்பிட்டுப் பார்த்தேன். அன்றைக்குத் தொலைக்காட்சியில் செய்தி வாசித்த பெண் மிகவும் நல்லவள் என்று எனக்குத் தோன்றியது. வேறு கெடுதல் இல்லை. அடுத்த நாள் பின்னேரம் அவருடைய தேநீர்ச் சாசரில் ஒரு துண்டு வைத்தேன்.

"இனிப்புக் கொஞ்சம் கூட" என்றார். சாப்பிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ரயில் போனது. முனகல் கேட்கவில்லை. நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். சுவரில் கையை ஊன்றாமல் கதிரையில் சாய்ந்து இருந்தார். "வடிவாப் போகுது, என்ன?" என்றார். ரயிலைத்தான் சொன்னார். அந்த வீட்டுக்கு நாங்கள் வந்ததிலிருந்து ரயிலைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் அது பிந்தி வருகிறது என்பதுதான்.

மெற்றில்டாவின் கணவருக்குப் பசி வந்தது போல என் கணவருக்குப் பேச்சு வந்தது. ஒரு வாரம் கழித்து, நான் விலாவில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது, "யோகு" என்றார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரோ என்னைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு மாலைகள் எல்லாம் அப்படித்தான். சம்பலைப் பற்றி விசாரணை இல்லை. என் தலைமயிரில் நரை எந்தப் பக்கம் அழகாக இருக்கிறது என்று ஆராய்ச்சி நடந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் நீலச் சேலை உடுத்திருந்ததையும், தேநீர்த் தட்டு என் கையில் ஆடியதையும், கோப்பை விழப்போகிறது என்று தான் கும்பிட்டுக்கொண்டிருந்ததையும் சொன்னார். அதெல்லாம் அவர் கவனித்தார் என்பதே எனக்குத் தெரியாது. மயூரி தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டு, "அம்மா, அப்பாவுக்கு என்ன நடந்தது? அரை மணித்தியாலம் கதைச்சவர், ஒரு கேள்வியும் கேக்கேல்லை. என்னம்மா, சுகமில்லையோ?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

"சுகம் வந்திட்டுது பிள்ளை" என்றேன். நான் சொன்னது பொய் அல்ல.

இப்போது கந்தசஷ்டிக்கு வருகிறேன். நீங்கள் நேற்று அதிகம் கேட்டது அதைப் பற்றித்தான். அவர் சிறு வயதிலிருந்து சஷ்டி விரதம் பிடிப்பவர். ஆறு நாளும் ஒரு நேரம் பாலும் பழமும்தான். வேறு எதுவும் பல்லில் படாது. ஆகவே மில்க்ரொபியும் படவில்லை. வலி திரும்பி வரப்போகிறது என்று எண்ணெயையும் வெந்நீர்ப் பையையும் நான் ஆயத்தமாக வைத்திருந்தேன்.

வலி வரவில்லை. இரண்டாம் நாள் சேர்ட்டை மாட்டிக்கொண்டு கோவிலுக்கு நடந்து போனார். மூன்றாம் நாளும். இந்த நரம்பு வலி சிலருக்கு மாதக்கணக்கில் இருந்துவிட்டுத் தானாகவே ஆறிவிடுவதுண்டு. எனக்கு அது தெரியும். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நாலாம் நாள் காலையில் அவர் பத்திரிகையைத் தூக்கிப் பார்த்து, "இஞ்ச, இதை ஆர் இப்பிடி மடிச்சது?" என்று கேட்டார்.

'இஞ்ச.'

ஐந்தாம் நாள் வாளியின் கைபிடி. அதே குரல். நான் குளியலறைக்குப் போய் வாளியைத் திருப்பி வைத்தேன். யோகு என்று கூப்பிட்ட மனிதர் எங்கே போனார் என்று எனக்கு நன்றாக விளங்கியது. அவர் மில்க்ரொபி டப்பாவுக்குள் இருந்தார்.

இதை நான் நேற்றுச் சொன்னபோது பைறோஸா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு, "ஆன்ட்டி, நோன்பு காலத்துல எங்கட வாப்பாவும் இப்படித்தான். அஸர் தொழுகைக்குப் பொறகு அவர்கிட்ட ஒத்தரும் பேச்சுக் குடுக்க மாட்டம். பசி, ஆன்ட்டி" என்றார். அவர் சின்னப் பிள்ளை, கல்யாணமும் ஆகவில்லை. பசியில் வரும் கோபத்துக்கும் கணக்காய்வுக்கும் வித்தியாசம் தெரிய இன்னும் காலம் எடுக்கும்.

சூரன் போர் முடிந்து விரதம் முடிக்கும் பாறணை அன்று மத்தியானம் வாழையிலையில் எல்லாம் படைத்தேன். பின்னேரம் தேநீருடன் ஒரு துண்டும் வைத்தேன்.

"இனி எண்ணெய் வேண்டாமப்பா. எனக்கு இப்ப ஒரு நோவும் இல்லை" என்றார்.

"உங்களுக்குத் தெரியாது. நித்திரையில முனகிறீங்கள். எனக்குத்தான் கேக்குது" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "அப்பிடியே?" என்றார். தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனார்.

அவர் முனகவில்லை. நல்ல நித்திரை கொள்ளும் மனிதர். நான்தான் விழித்திருந்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் கேட்டேன். "நோகுதோ?" என்று கேட்பேன். "கொஞ்சம்" என்பார். பழையபடி யோகு என்று கூப்பிட்டார். பழையபடி எண்ணெய், பழையபடி ரயில் பார்ப்பது. மருந்து வேலை செய்தது. கிளினிக்குக்குப் போக வேண்டிய நாள் வந்தபோது, டொக்டர் வெளிநாடு போய்விட்டார் என்று சொன்னேன். அடுத்த தடவையும் அவரை வெளிநாட்டுக்கு அனுப்பினேன். சுகமான ஒருவரை நோயாளி என்று நம்பவைப்பது கடினமான வேலை என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. அன்பாகக் கேட்டால் போதும்.

மிகுதி உங்களுக்குத் தெரியும், ஆனாலும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒழுங்கைப் பிள்ளையார் கோவிலின் நிர்வாக சபையில் என் கணவரும் ஒருவர். தேர்த் திருவிழாவுக்குச் சுவாமி மரைன் டிரைவ் வழியாக வருவதா காலி வீதி வழியாக வருவதா என்பதில் அந்தச் சபை நெடுநாளாக இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு பக்கத்தார் மற்றப் பக்கத்தார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதில்லை. போன மாதக் கூட்டத்துக்குக் கணவர் ஒரு பெரிய பிஸ்கட் பேணியைக் கொண்டுபோனார். நிறைய மில்க்ரொபி. தேநீருடன் எல்லாரும் சாப்பிட்டார்கள். ஒரு துண்டு என்பது என் அளவு. ஆளுக்கு நாலு ஐந்து என்று எடுத்திருக்கிறார்கள். கோவில் சபைகளில் இனிப்பை அப்படித்தான் சாப்பிடுவார்கள்.

முதல் தடவையாகச் சபை ஏகமனதாக ஒரு தீர்மானம் எடுத்தது. தேரை ரயிலில் ஏற்றித் தெகிவளை வரைக்கும் கொண்டுபோய், கடற்காற்றுப் பட வைத்துத் திருப்பிக் கொண்டுவருவது என்று. முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் ஆளையாள் கட்டிப்பிடித்து அழுதார்களாம். ஒருவர் வசந்த மண்டபத்தில் படுத்துவிட்டார். தலைவர் அம்பலவாணர் மட்டும் சிரித்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்தார். படியில் விழுந்தார். இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அவருக்கு எண்பது வயதாகப் போகிறது, இதயத்துக்கு மாத்திரை எடுக்கிறவர். இந்த இரண்டும் ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவருக்கு நான் ஒரு நாளும் கொடுக்கவில்லை. இப்போது கஞ்சி குடிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். மெல்லக் குடிக்கட்டும்.

மருத்துவமனையில் எல்லாருடைய சிறுநீரையும் சோதித்தார்கள். பிறகு உங்கள் ஆட்கள் வந்து, இனிப்பை யார் செய்தது என்று என் கணவரிடம் கேட்டார்கள். அவர் சொன்ன பதில் உங்கள் பதிவில் இருக்கிறதாம், பைறோஸா வாசித்துக் காட்டினார். "என்ர மனுசி செய்தது. கொழும்பில வேற ஒருத்தருக்கும் இந்தக் கைப்பக்குவம் வராது." ஐயா, என் சமையலை அவர் இன்னொருவரிடம் புகழ்ந்தது எனக்குத் தெரிந்து அது ஒரு தடவைதான். அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்று கிடைக்குமா?

இனி, பேணி நிறைய இனிப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. நாளுக்கு ஒன்றுதான் நான் கொடுத்தேன். இதற்கு விடையை இன்று காலையில் அவரே வந்து சொன்னார்.

நேற்றுப் பின்னேரம் உங்கள் ஜீப்புக்குப் பின்னால் ஓட்டோவில் வந்தவர்தான். உள்ளே விடவில்லை என்று போய்விட்டு, இன்று விடிந்ததும் பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்தார். அவராகவே போட்ட தேநீர். சாயம் கூடிவிட்டது. பைறோஸா எங்களை வாங்கில் பக்கத்தில் உட்கார விட்டுவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யோகு, நான் அதைச் சாப்பிடேல்லை" என்றார்.

"எதை?"

"ரொபியை. சஷ்டிக்குப் பிறகு ஒண்டும் சாப்பிடேல்லை. சூரன் போர் அண்டைக்கு முருகனிட்டை நேர்ந்தனான். நோ மாறிப் போச்சு, அடுத்த சஷ்டி வரைக்கும் இனிப்பு வாயில வைக்கிறேல்லை எண்டு. நேர்த்தியை வெளியில சொல்லித் திரியிறதில்லைத்தானே. நீர் கிண்டிக் கிண்டிக் கை நோகச் செய்யிறீர், வேண்டாம் எண்டும் சொல்ல ஏலாது. நீர் உள்ள விளக்கு வைக்கப் போன உடன எடுத்துப் பேணியில போட்டிடுவன்."

கந்தோர்க் கோப்புகள் வைக்கும் அலுமாரிக்குள் அந்தப் பேணியை வைத்திருக்கிறார். அதை நான் திறப்பதில்லை. சாப்பாட்டுச் சாமானை எறியக்கூடாது என்பதற்காகக் கோவிலுக்குக் கொண்டுபோயிருக்கிறார். தம்பிக்கு நேர்ந்ததை அண்ணனிடம் கொடுத்தால் தம்பி கோபிக்க மாட்டார் என்று நினைத்தாராம்.

"அப்ப ஏன் நோகுது எண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் பிளாஸ்கின் மூடியைத் திருகித் திறந்தார், திரும்பவும் மூடினார்.

"நோகேல்லை எண்டால் நீர் எண்ணெய் பூசிறதை நிப்பாட்டிப் போடுவீர்."

பைறோஸா ஜன்னலைப் பார்த்தபடியே கண்ணைத் துடைத்தார். நீங்கள் சொல்லியனுப்பியதையும் அவர்தான் எனக்குச் சொன்னார். மற்ற எல்லாருடைய சிறுநீரிலும் இருந்ததாம், என் கணவருடையதில் ஒன்றும் இல்லையாம். அவர் அன்றைக்குக் கூட்டத்திலும் சாப்பிடவில்லையாம், வெறும் தேநீர் குடித்துக்கொண்டு மற்றவர்கள் சிரிப்பதை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஐயா, நான் ஆய்வுகூடங்களோடு பல வருடம் வேலை செய்தவள். போத்தல்கள் மாறுவது வழக்கம்.

யோசித்துப் பாருங்கள். அவர் சொல்வது உண்மை என்றால், இந்த மூன்று மாதமும் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது, ரயில் வடிவாகப் போகிறது என்று காட்டியது, போன கிழமை மழைக்குள் போய் எனக்கு மல்லிகைச் சரம் வாங்கி வந்தது, எல்லாம் வெறுந்தேநீரில் நடந்ததாக இருக்க வேண்டும். நான் மருந்தாளர். வெறுந்தேநீர் என்ன செய்யும், என்ன செய்யாது என்று எனக்குத் தெரியும். என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் இப்படிச் சொல்கிறார். அப்படிப் பொய் சொல்லும் அளவுக்கு ஒரு மனிதரை மென்மையாக்கும் மருந்து எவ்வளவு நல்ல மருந்து என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். இதைச் சட்டமாக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். வேண்டாம் என்று சொன்ன மனிதருக்கு, அவருக்குத் தெரியாமல், நோ இருந்தபோதும் கொடுத்தேன், நோ மாறிய பிறகும் கொடுத்தேன். சுகமாக இருந்தவரைச் சுகமில்லை என்று சொல்லி வைத்திருந்தேன். அம்பலவாணருக்கு நடந்ததும் என் கையால் வந்ததுதான். மெற்றில்டாவுக்கு இதில் சம்பந்தமில்லை. அவளுடைய அந்தூரியங்களுக்குத் தண்ணீர் விட யாரையாவது அனுப்புங்கள்.

நாளைக்கு நீதவான் முன்னால் கொண்டுபோவீர்கள் என்று சொன்னார்கள். அதற்கு முதல் ஒரேயொரு கோரிக்கை. உங்கள் ஆட்கள் என் சமையலறையை நன்றாகத்தான் தேடினார்கள், ஆனால் உளுத்தம்மாப் பேணிக்குள் யாரும் கை விடவில்லை. அடியில் கடதாசியில் சுற்றி இரண்டு துண்டு இருக்கிறது. பைறோஸாவிடம் கொடுத்து, இன்று பின்னேரம் என் கணவருடைய தேநீருடன் பாதித் துண்டு வைக்கச் சொல்லுங்கள். என்னவென்று சொல்ல வேண்டாம். அதைச் சாப்பிடாவிட்டால் நாளைக்கு அவர் என்னைப் பார்க்க வரமாட்டார்.